எவன்டி அடிமை? – தங்கவயலுக்குப் பிறர் வைத்த பெயர்கள்

2022 ஏப்ரல் 14 மதியம் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியில் என் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலத்துக்கு நீலத்தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசிப்பு வட்டத்து மாணவர்கள் இரண்டு பேர் சென்னையிலிருந்து என்னோடு புறப்பட்டவர்கள். நான் பங்காருப்பேட்டையில் இறங்கிக்கொண்டேன். அவர்கள் பெங்களூர் வரை போய், அன்றைக்கு வெளியான 'கே.ஜி.எஃப்.' படத்தின் இரண்டாம் பாகத்தை முதல் காட்சி பார்த்துவிட்டு ரயில் பிடித்து வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரும் நம் பிள்ளைகள். அம்பேத்கரைப் படித்தவர்கள். வந்தவுடன் அத்தையிடம் ஒருவன் கேட்டான்: "ஆயா, அந்த அடிமைங்களை அடைச்சி வச்சிருந்த எடம் எங்க இருக்குது?"

அத்தை அவனுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தது.

"எவன்டி அடிமை? என் மாமனாரு கைரேகை குடுக்கமாட்டேன்னு மூணு வாரம் வேலைக்குப் போவாம குந்திகினு இருந்தவரு. அவுரு அடிமையா? இன்னாடி சொல்லிக் கூட்டியாந்த இவுங்கள?"

பையன்கள் தலைகுனிந்துகொண்டார்கள். தப்பு அவர்கள்மேல் இல்லை. படம் பார்த்தவர்களுக்கு நராச்சி என்றொரு சுரங்கம் தெரியும். துப்பாக்கிக்கு நடுவே ஊமையாய் மண் சுமக்கிற ஜனம் தெரியும். எங்கிருந்தோ ஒரு வீரன் வந்து அவர்களை மீட்பான், அதுவும் தெரியும். கற்பனைக் கதைதானே என்பார்கள். கற்பனைக்கு எதற்கு ஒரு நிஜ ஊரின் பெயர்? இன்றைக்கு இந்தியா முழுக்க அந்த மூன்று எழுத்தைச் சொன்னால் ஒரு நடிகரின் தாடிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தப் படம் அம்பேத்கர் பிறந்தநாளில் வெளியானதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த ஊருக்கு வெளியாட்கள் பெயர் வைப்பது புதிதல்ல. என் சொந்த ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். வடாற்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களின் சேரிகளிலிருந்துதான் தங்கவயலுக்கு ஆள் போனார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சம் சேரிகளைக் காலி செய்திருந்தது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையை எடுத்துக்கொண்ட பிறகு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பண்ணையை விட்டு ஓடியவர்கள் உண்டு. அப்படி ஓடியவர்கள் இரண்டு வருஷம் கழித்துச் சட்டை போட்டுக்கொண்டு திருவிழாவுக்குத் திரும்பி வந்தால், ஊர்த்தெருக்காரன் வாயில் அதற்கு ஒரு பெயர் தயாராக இருந்தது: "கோலார்க்காரன் வந்துட்டான்டா, இனிமே கும்பிடு போடமாட்டான்." எங்கள் ஊரில் 'கோலார்' என்பதற்குத் திமிர் என்று அர்த்தம். சேரியில் அதே சொல்லுக்குத் தப்பிக்கிற வழி என்று அர்த்தம். என் பாட்டி, யாராவது வீட்டில் கோபித்துக்கொண்டால், "போயேன், கோலாருக்குப் போயேன்" என்பாள். (கோலார் என்பது உண்மையில் வேறு ஊர், ஜில்லாவின் தலைநகர். தங்கவயலிலிருந்து பஸ்ஸில் போகவேண்டும். தங்கவயல்காரரிடம் "நீங்க கோலாரா?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் போகிற போக்கை.)

வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'குட்டி இங்கிலாந்து'. குளிர்ச்சியான மேட்டுநிலம், பங்களாக்கள், கிளப்பு, கோல்ஃப் மைதானம், மாதாகோயில். தபால்கார்டில் போடத் தோதான ஊர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 148 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு விளக்கு வந்தது 1905இல்தான். ஆசியாவிலேயே முன்னோடி என்று பாடப்புத்தகம் எழுதும். மின்சாரம் வந்தது யாருக்காக? எந்திரத்துக்காக, தங்கத்துக்காக. குட்டி இங்கிலாந்துக்குப் பின்னால் மூங்கில் தட்டி வீடுகள் வரிசைவரிசையாக நின்றன. 'லைன்' என்று பெயர். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். நான்கு பக்கமும் லைன், நடுவில் ஒரு குழாய். இந்தப் படம் தபால்கார்டில் வரவில்லை.

பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேல் போன சுரங்கம் அது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலேயிருந்து குளிர்காற்றை அனுப்பித்தான் ஆளை நிற்கவைக்க முடியும். பாறை திடீரென்று வெடித்துச் சிதறும்போது மேலே வீடுகள் ஆடும். "அடுக்கிவச்ச பாத்திரம் உருண்டா, உலைய எறக்கிட்டு ஷாஃப்டு கிட்ட ஓடுவோம். யாரு வூட்டு ஆளு மேல வரலன்னு பாக்கறதுக்கு." இது அத்தை சொன்னது. கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்து இருமி இருமிப் போனவர்களின் கணக்கு தனி. நான் சுரங்கத்தைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சாவுக்கு நடுவே வேலை செய்தவன் அடிமைதானே என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறேன்: எங்கள் ஆட்கள் அடிமைத்தனத்தை மேலே, வயல்வெளியில், பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும். சுரங்கத்தில் கூலி காசாகக் கையில் விழுந்தது. அந்தக் காசைக் கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் வரலாறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கம்பெனி வைத்த பெயர் ஒன்று உண்டு: திருடன். மைசூர் அரசு தங்கத் திருட்டுக்கென்றே தனிச் சட்டம் போட்டுக் கொடுத்தது. ஷிப்டு முடிந்து மேலே வருகிறவனை நிறுத்திச் சோதனை போடுவது அன்றாட நடைமுறை. 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் இந்த மண்ணிலிருந்து வெளியே போனது என்கிறார்கள். அதில் பெரும்பகுதி வெள்ளையன் காலத்தில் கப்பலேறியது. திருடன் என்ற பட்டம் மட்டும் கல்லை உடைத்தவனுக்கு.

இந்தப் பின்னணியில்தான் 1930 ஏப்ரல் வேலைநிறுத்தத்தைப் பார்க்கவேண்டும். தொழிலாளர்களைப் பதிவு செய்கிறோம், கைரேகை கொடு என்றது நிர்வாகம். பக்கத்துச் சென்னை மாகாணத்தில் ரேகை எடுப்பது யாரிடம்? ஜெயிலுக்குப் போனவனிடம், குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவனிடம். "நாங்கள் கேடிகளா?" என்ற கேள்வி அந்த ரேகைக்குள் இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட சங்கம் ஒன்றுகூட அப்போது இல்லை. மூன்று வாரம் நடந்தது. கூலி உயர்வுக்காக நடந்த போராட்டங்களை நம் தொழிற்சங்க வரலாறு கொண்டாடும். விரலை நீட்டமாட்டேன் என்று சேரி ஜனம் நடத்திய ஒரு மானப் போராட்டத்தை எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. வர்க்கக் கணக்கிலும் சேராது, தேச விடுதலைக் கணக்கிலும் சேராது. அதே ஏப்ரல் மாதம் காந்தி தண்டியில் உப்பெடுத்துக்கொண்டிருந்தார், நாடே அங்கே பார்த்துக்கொண்டிருந்தது.

சினிமாக்காரர்களுக்காகச் சில வருஷங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர்களுடைய கதையில் ஜனம் சங்கிலியில் கிடப்பது 1950களிலிருந்து 1980 வரை. நிஜத் தங்கவயலில் 1946 நவம்பர் 4ஆம் தேதி வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டு ஆறு தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களுக்கு இங்கே நினைவிடம் இருக்கிறது. 1954இல் பாபாசாகேப் இந்த ஊருக்கே வந்தார். 1956இல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய அரசு. 1950களின் தேர்தல்களில் கம்யூனிஸ்டுகளையும் அம்பேத்கரின் பட்டியலினக் கூட்டமைப்பினரையும் இந்த ஊர் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. பின்னால் 1994லும் 2004லும் இந்தியக் குடியரசுக் கட்சியை ஜெயிக்கவைத்தது. தமிழ்நாட்டில் நம்மால் முடியாததை இங்கே செய்தார்கள். இடையிடையே அ.தி.மு.க.வையும் ஜெயிக்கவைத்தார்கள், அது வேறு கதை. படத்தில் வாய் இல்லாத ஜனம். ஊரிலோ வாய் மட்டும்தான் மூலதனம்.

வாய் மட்டுமல்ல, படிப்பும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அதே காலத்தில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் நடந்தன. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் பத்திரிகையைச் சுற்றி உட்கார்ந்து, படிக்கத் தெரிந்த ஒருவன் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பிராமணர் இல்லாமல் கல்யாணம் செய்தார்கள். பண்டிதர் 1914இல் மறைந்து பத்திரிகையும் நின்றுபோன பிறகு, 1926இல் 'தமிழன்' மறுபடி வெளிவந்தது எங்கிருந்து? சென்னையிலிருந்து அல்ல, மதுரையிலிருந்து அல்ல, தங்கவயலிலிருந்து. ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை மறுபதிப்புச் செய்தது மாரிக்குப்பம் சித்தார்த்த புத்தகசாலை. தங்கக் கல் உடைத்த கூலியில் அச்சான புத்தகங்கள் அவை. 1999இல் அயோத்திதாசர் சிந்தனைகள் தொகுதிகளாக வெளிவந்து தமிழ் அறிவுலகம் ஆச்சரியப்பட்டதே, அதுவரை அந்தப் பிரதிகள் கரையானுக்குத் தப்பிக் கிடந்தது இந்த லைன் வீடுகள் போன்ற இடங்களின் டிரங்குப் பெட்டிகளில்தான்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். இதழியல் வரலாறு என்று ஒரு தாள் இருந்தது. சுதேசமித்திரன் வந்தது, இந்தியா வந்தது, மணிக்கொடி வந்தது. 'தமிழன்' வரவில்லை. அத்தை வீட்டுப் பரணில் அட்டை கிழிந்த சித்தார்த்த புத்தகசாலைப் புத்தகம் ஒன்றைப் பார்த்தபோது எனக்கு வயசு பதினொன்று. மாமா அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். தங்கத்தைத்தான் ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் அது இருக்கும் என்று பிறகு பத்து வருஷம் தேடினேன்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு பத்திரிகைகள் வைத்த பெயர் 'பேய் நகரம்'. துருப்பிடித்த ஷாஃப்டு கோபுரம், புதர் மண்டிய பங்களா, சூரியாஸ்தமனம், இவைதான் படங்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஜனம் வாழ்கிற ஊர் பேய் நகரமாம். அப்படியானால் நாங்கள் யார்? விடியற்காலை மாரிக்குப்பத்தில் கிளம்பும் பெங்களூர் ரயிலில் ஏறிப் பாருங்கள், பேய்களுக்கு நிற்க இடம் கிடைக்காது. காவலாளி, ஹவுஸ்கீப்பிங், கட்டட வேலை, தையல் பேக்டரி, கொஞ்சம் படித்த பிள்ளைகள் கம்ப்யூட்டர் கம்பெனி. ராத்திரி திரும்பி வந்து சேரும்போது குழந்தை தூங்கியிருக்கும். சுரங்கம் மூடியபின் மாமாவும் அந்த ரயிலில் சில வருஷம் போனார், ஒரு அடுக்குமாடி வீட்டு வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு. "3,000 மீட்டரு கீழ போனவன், இப்போ லிப்டுல ஏழாவது மாடிக்குப் போறேன்" என்று சிரிப்பார்.

பெங்களூர் இந்த ஊரை எப்படிப் பார்க்கிறது? என் அத்தை மகன் அங்கே வாடகைக்கு வீடு பார்த்தபோது வீட்டுக்காரர் கேட்டது இரண்டே கேள்வி. எந்த ஊர்? கே.ஜி.எஃப். என்றதும், ஓ என்று ஒரு இழுவை. அப்புறம், "தமிழா?" மூன்றாவது கேள்வி கேட்கவில்லை, தேவைப்படவில்லை. அந்த மூன்று எழுத்துக்குள் ரவுடி, தமிழன், பறையன் மூன்றும் அடக்கம். சாதியை நேரடியாகக் கேட்பது நாகரிகமில்லை என்று நகரத்துக்குத் தெரியும், அதனால் ஊர்ப்பெயரைக் கேட்கிறது. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அந்த நாட்களைப் பற்றித் தமிழ்நாட்டில் தமிழனத் தலைவர்கள் நிறையப் பேசினார்கள். அடிவாங்கியவர்களில் குடிசைப்பகுதித் தலித்துகள் எத்தனை என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தங்கவயல்காரனுக்குப் பெங்களூரில் 'தமிழன்' என்பது வசவு. குடியாத்தத்தில் 'தமிழன்' என்று யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை, வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதுவரை வெளியாட்களைத் திட்டியாயிற்று. உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பதையும் எழுதாவிட்டால் பாதிதான் எழுதியதாகும்.

வயசானவர்களிடம் பேசினால் முதலில் வருவது அதே 'குட்டி இங்கிலாந்து'தான். எந்தக் கிளப்பின் வாசலில் இவர்கள் நிற்க முடியாதோ அந்தக் கிளப்பைப் பற்றி இவர்களே பெருமை பேசுகிறார்கள். துரை சொன்ன நேரத்துக்கு வருவான், துரை காலத்தில் தெரு சுத்தமாக இருந்தது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். எல்லாம் மூடிப்போன ஊரில், ஏதோ பெரிய ஒன்றில் நாமும் இருந்தோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சொல் வேண்டியிருக்கிறது. கையருகே கிடைத்தது துரை விட்டுப்போன சொல். மாரிக்குப்பம் பௌத்தத்தையும் 1930ஐயும் பெருமையாகச் சொல்ல யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. படித்த நாமும் செய்யவில்லை. சாம்பியன் ரீஃப் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோ என்னும் துகளைப் பதிவுசெய்து உலக அறிவியலில் இந்த ஊர் பேர் வாங்கியது. அதைச் சொல்வதற்குக்கூட ஊரில் ஆளில்லை.

இரண்டாவதாக வருவது: "இங்க சாதி கெடையாதும்மா. கீழ எறங்கிட்டா எல்லாம் ஒண்ணு." இதை நான் ரொம்ப நாள் நம்பினேன், மேடைகளில் பேசியும் இருக்கிறேன். 2011இல் மனித உரிமை அமைப்பினர் தங்கவயல் குடியிருப்புகளின் உலர் கழிப்பிடங்களில் மனிதர்களே மலம் அள்ளிக்கொண்டிருப்பதை வெளியே கொண்டுவந்தார்கள். குழியில் இறங்கியவர்கள் செத்த செய்தியும் அந்த வருஷம் வந்தது. 1993லேயே சட்டம் போட்டுத் தடைசெய்த வேலை. மின்சாரம் முதலில் வந்த ஊரில் கக்கூஸ் வாரும் வேலை கடைசிவரை போகவில்லை.

அன்றைக்கு, 2022இல், அந்தப் பையன்கள் கேள்வி கேட்ட சாயங்காலமே அத்தையிடம் இதைக் கேட்டேன். லைன் கக்கூஸை யார் அத்தை அள்ளுனாங்க? அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அது நம்ப ஜனம் இல்லம்மா, அவுங்க வேற" என்றது. யாரு என்றேன். "அவுங்கதான், தெலுங்கு பேசுறவங்கோ, அந்தக் கடேசி லைன்ல." ரேகை கொடுக்க மறுத்தவரின் மருமகள். எவன்டி அடிமை என்று மூன்று மணிக்கு முழங்கிய அதே வாய்.

அத்தையைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எழுதாமல் விட்டால் நானும் ஒரு பெயர் வைத்துவிட்டுப் போனவளாகிவிடுவேன், 'புரட்சி நகரம்' என்றோ 'தலித் தலைநகரம்' என்றோ. அப்படி ஒரு துண்டுப்பிரசுரம் நாங்கள் ஒருமுறை அடித்திருக்கிறோம், வார்த்தை என்னுடையது.

2024இல் பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தபோது, வடாற்காட்டிலிருந்து போன நம் ஜனத்தைத் திரையில் பார்த்தோம். அத்தை பார்க்க இல்லை, அதற்கு முன்னேயே போய்விட்டது. அதே வருஷம் ஜூனில் கர்நாடக அமைச்சரவை, ஊருக்கு நடுவே மலைமலையாக நிற்கிற 13 சயனைடு மண்மேடுகளில் மிச்சத் தங்கம் எடுக்கச் சம்மதம் கொடுத்தது. இனி மறுபடி 'தங்க நகரம்' என்று எழுதுவார்கள். காற்றுக்காலத்தில் அந்த மேட்டுத் தூசி எந்த லைன்கள்மேல் விழுகிறது என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

போன வருஷம் கடைசி லைனுக்குப் போனேன், தனியாக. எழுபது வயசுக்குமேல் ஒரு அம்மா. தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். உள்ளே வா என்று கூப்பிட்டு, நான் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றார். குடித்தபிறகுதான் உட்கார்ந்தார். ஸ்ட்ரைக் ஞாபகம் இருக்கா என்றேன். "ஸ்ட்ரைக்னா அவுங்களுக்குத்தான் லீவு. எங்களுக்கு வேலை ஜாஸ்தி, ஆம்பளைங்க எல்லாம் வூட்லயே இருப்பாங்கல்ல" என்றார். சங்கம்? "கூட்டம் முடிஞ்சா கூட்டுறதுக்குக் கூப்புடுவாங்க." எந்தச் சங்கம் என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரங்க கேட்டா என்ன சொல்வீங்க என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை, அல்லது முட்டாள்தனமாகப் பட்டிருக்கவேண்டும். தான் வேலை செய்த லைன்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார், எந்த லைனில் எத்தனை கக்கூஸ், யார் வீட்டுக்காரம்மா தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை. என் நோட்டில் மூன்று பக்கம் வந்தது. என் அத்தையின் லைனும் அதில் இருந்தது.

"அங்க பன்னெண்டு" என்றார். "அந்த லைன்ல ஒரு அம்மா இருந்துச்சு, படிச்சவங்க வூடு. தூரத்திலேர்ந்து போடும், ஆனா நெறையப் போடும்."